கடல் கொண்டது யாருக்குச் சொந்தம்?

2008 ஏப்ரலில், நமீபியாவின் தென்கோடியில் ஒரஞ்செமுண்ட் அருகே வைரத்துக்காகக் கடற்கரையைத் தோண்டியவர்களுக்குச் செம்புக் கட்டிகள் தட்டுப்பட்டன. அவற்றின் மேல் திரிசூல முத்திரை. அது ஜெர்மனியின் ஃபுக்கர் வணிகக் குடும்பத்தினுடையது. மேலும் தோண்டினால் பீரங்கிகள், 2,000-க்கும் மேற்பட்ட பொற்காசுகள், 100-க்கும் மேற்பட்ட யானைத் தந்தங்கள். 1533-இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட ‘பொம் ஜேசுஸ்’ என்னும் போர்த்துகீசியக் கப்பல் இது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தச் செம்பைக் கொடுத்து மலபார் மிளகு வாங்குவதாகத் திட்டம்.

இத்தனை காலம் யாரும் ஏன் கை வைக்கவில்லை? 1908-இல் ஜெர்மன் காலனி அரசு அந்தக் கரையையே பொதுமக்களுக்கு மூடிவிட்டது, வைரம் களவு போகக் கூடாதென்று. ஒரு புதையலுக்கு இன்னொரு புதையலின் மேல் வைத்த ஆசையே காவலாக இருந்திருக்கிறது!

சரி, இது யாருடையது? கேள்வி பழையது. ஜஸ்டினியனின் ரோமச் சட்டம் 6-ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது: புயலில் கப்பலின் பாரம் குறைக்கக் கடலில் எறிந்த சரக்கு, எறிந்தவருக்கே சொந்தம். வேண்டாமென்றா எறிந்தார்? உயிர் தப்பத்தானே எறிந்தார்! யூதர்களின் தால்முத் வேறு வழியில் போகிறது. கடலோ வெள்ளமோ அடித்துச் சென்ற பொருளைக் கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். அங்கே உடையவரின் நம்பிக்கை அற்றுப்போனதாகவே கொள்ள வேண்டும். ஒன்று மனிதனின் விருப்பத்தைப் பார்க்கிறது, மற்றது அவன் கைவிட்டாக வேண்டிய இடத்தை. இரண்டாவதில்தான் மனித வாழ்க்கை பற்றிய தெளிவு அதிகம்.

ஆனால் இரண்டுமே கடைசியாக வைத்திருந்தவரோடு நின்றுவிடுகின்றன. அவர் கைக்குப் பொருள் எப்படி வந்தது?

1804-இல் போர்ச்சுகலின் தென்கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கியதில் ஸ்பெயினின் ‘மெர்செதெஸ்’ மூழ்கியது. 2007-இல் ஒடிசி என்ற அமெரிக்க நிறுவனம் அதிலிருந்து சுமார் 17 டன் நாணயங்களை அள்ளியது. ஸ்பெயின் வழக்குப் போட்டது. நடுவே பெரு வந்து, வெள்ளி எங்கள் மண்ணில் எடுத்தது, காசு லிமாவில் அடித்தது என்றது. ஆண்டீஸ் சுரங்கங்களுக்குப் பூர்வகுடிகளைக் கட்டாயமாக இழுத்துச் சென்ற ‘மிட்டா’ முறை அந்தக் கப்பல் மூழ்கியபோதும் ஒழியவில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் அந்த வாதத்துக்குள் நுழையவே இல்லை. அது ஸ்பெயினின் போர்க்கப்பல், அவ்வளவுதான். 2012-இல் நாணயங்கள் விமானமேறி ஸ்பெயின் போயின. சட்டப்படி சரி, நியாயத்தைப் பாதியில் நிறுத்திய சரி.

பொம் ஜேசுஸ் விஷயத்தில் போர்ச்சுகல் உரிமை கோரவில்லை. சரக்கு நமீபியாவிடமே இருக்கிறது. பெருந்தன்மைதான். ஆனால் அந்தத் தந்தங்கள் போர்ச்சுகலுடையவையா, விட்டுக்கொடுக்க? 2020-இல் வெளியான மரபணு ஆய்வு, அவை மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு யானைகளின் தந்தங்கள், குறைந்தது 17 வெவ்வேறு மந்தைகளைச் சேர்ந்தவை என்று காட்டியது. அந்த மந்தைகளில் பெரும்பாலானவற்றின் வழித்தோன்றல்கள் இன்றைய யானைகளிடையே தென்படவில்லை. செம்பில் ஃபுக்கரின் முத்திரையைத் தேடிப் படித்தவர்களுக்கு, தந்தத்தில் தாய்வழி மரபணுவைப் படிக்க 12 ஆண்டுகள் ஆயின. நமீபியாவிலிருந்து அந்தக் காடுகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன; அங்கிருந்து இதுவரை எந்த வழக்கும் வரவில்லை.