மூச்சுக்கு உரியவர் யார்?

"மூச்சு விடாதே" என்றால் நம் வழக்கில் "வாய் திறவாதே" என்று பொருள். மலையகத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக இந்தக் கட்டளைக்குப் பணிந்து வாழ்ந்தவர்கள் நம் மக்கள். அந்த மூச்சையே இன்று விஞ்ஞானம் சாட்சிக்கு அழைக்கிறது. "ஊது, உன்னுள் இருக்கும் நோய் எதுவென்று சொல்கிறேன்" என்கிறது. சொல்லட்டும், வரவேற்போம். ஆனால், ஊதச் சொல்பவர் யார், அறிந்தபின் அவர் செய்யப்போவது என்ன என்ற இரு வினாக்களை எழுப்பாமல் ஊதிவிடுவது அறிவுடைமை ஆகுமா?

1971ஆம் ஆண்டில் லைனஸ் போலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, மனிதன் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 250 ஆவிப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார். 2022 ஏப்ரலில், ஊதிய மூன்று நிமிடங்களுக்குள் கொரோனா நோய்க்குறி காட்டும் கருவிக்கு அமெரிக்க அரசு அவசர அனுமதி வழங்கியது. காசநோயிலும் இம்முயற்சி நடைபெறுகிறது. முகக்கவசத்தின் உட்புறம் சிறு பட்டைகளைப் பொருத்தி, அவற்றில் படியும் கிருமிகளை ஆராய்ந்தவர்கள் 2020இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சளியிலே அகப்படாத கிருமி சிலருடைய மூச்சிலே அகப்பட்டது. சளியைக் காறி எடுத்துத் தரத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இத்தகைய முறை எத்துணைப் பயன் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூச்சு ஒருவனுக்கு மட்டும் உரியதா? அன்று, சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வெல்ஸ், ரைலி என்னும் இருவர் இவ்வினாவுக்கு ஒரு சோதனையால் விடை கண்டனர். காசநோயாளர் ஆறு பேர் தங்கும் பகுதியின் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், மேலே கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகள் சுவாசிக்கச் செய்தனர். நோயாளரை அவை கண்டதுமில்லை, தொட்டதுமில்லை. ஆயினும் அவற்றுட் சிலவற்றை நோய் பற்றியது. அதே காற்றைப் புறஊதாக் கதிரால் தூய்மைப்படுத்தி வேறொரு கூட்டத்துக்கு அனுப்பினர். அவற்றை நோய் பற்றவில்லை.

இச்சோதனை இரண்டு உண்மைகளைக் கற்பிக்கிறது. ஒருவன் விட்ட மூச்சு மற்றவனின் மூச்சாகிறது. ஆகவே "என் மூச்சு, என் விருப்பம்" என்று ஒருவன் முற்றாக மறுத்துவிட இயலாது. அடுத்திருப்பவனுக்கும் அதிலே உரிமை உண்டு. இது முதல் உண்மை. குற்றம் நுரையீரலில் மட்டும் இல்லை, இடையிலிருக்கும் காற்றிலும் உண்டு. அதனை மனிதர் திருத்தவும் முடியும். இது இரண்டாவது. முதல் உண்மையைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு உபதேசிப்பவர் பலர். இரண்டாவதை அந்தத் தோட்டத்தை நடத்துபவருக்கு எடுத்துச் சொல்பவர் எத்தனை பேர்?

பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் லயன் காம்பராக்களைப் பார்த்தவர்கள் நாம் சொல்வதை உணர்வார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னே ஓர் இஸ்தோப்பு. அடுப்புப் புகை போக வழியில்லாத சுவர்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது "தனித்திருங்கள்" என்றார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பாயில் படுக்கும் அறையிலே தனித்திருப்பது எங்ஙனம்? அங்கே ஒரு கருவியைக் கொண்டுபோய் வைத்தால், அது காட்டுவது ஒரு மனிதனின் நோயை மட்டுமன்று. அந்த அறையின் நோயையும் காட்டுகிறது. ஆனால் சீட்டிலே எழுதப்படுவது மனிதனின் பெயர்தான்.

நம் முன்னோரின் உடலைச் சோதித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். மண்டபம் முகாமிலே அவர்களைத் தடுத்து வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்டபின்னரே கப்பலேற்றினார்கள். அச்சோதனையால் நோய் தடுக்கப்பட்டிருக்கலாம்; மறுப்பதற்கில்லை. ஆனால் அது யாருக்காக? தீவைக் காக்க, தோட்டத்துக்கு உழைக்கும் கைகளைத் தேர்ந்தெடுக்க. சோதிக்கப்பட்டவனின் நலம் அதிலே கடைசி வரிசையில் நின்றது.

"நோயைக் கண்டறிவதே நன்மையல்லவா? அதற்கும் நிபந்தனையா?" என்று அன்பர்கள் கேட்கலாம். அவர்களுக்குச் சென்னையை நினைவூட்டுவோம். 1956இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில் ஏழைக் காசநோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சனட்டோரியத்திலும், மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலும் ஓராண்டு மருந்துண்டனர். 1959இல் முடிவு வெளிவந்தது. குணமடைந்தோர் தொகையில் பெரிய வேற்றுமை இல்லை. வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாரை நோய் கூடுதலாகப் பற்றவுமில்லை. ஊரைவிட்டு விலக்குவதன்று, தவறாது மருந்து கொடுப்பதே நோயை வெல்லும் என்பது இதன் பொருள். கண்டறியப்பட்டவனைவிடக் கண்டறியப்படாதவனாலேயே ஆபத்து மிகுதி. ஆகவே சோதனை வேண்டும், விரைவிலும் வேண்டும். ஆனால் சோதனையின் மறுபக்கத்தில் மருந்து நிற்க வேண்டும். வேலி நிற்கக் கூடாது.

வேலி போடுபவர் துரைமார் மட்டுமல்லர். இருமிய பிள்ளையைக் கடைசி வாங்குக்கு அனுப்பியவர்கள் ஆசிரியர்களாகிய நாமுந்தான். மலைப்பனிக்கு அஞ்சிச் சாளரங்களைச் சாத்திவிட்டு, பிள்ளையின் இடத்தை மாற்றிவிட்டோம்! அறையின் காற்று மாறவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் மாத்திரம் மாறியது. அறிவில்லாத அச்சம் செய்த அதனையே, ஈரமில்லாத அறிவு இன்னும் திருத்தமாகச் செய்துவிடும்.

ஆகவே மூச்சைக் கேட்பவர் முதலில் கடன்படுகிறார் என்பதே நமது துணிபு. எதற்கென்று அவரவர் மொழியிலே விளக்கிக் கேட்க வேண்டும். முடிவை ஊதியவரிடமே முதலிற் சொல்ல வேண்டும். பிரட்டுக்களத்திலே கூவக் கூடாது. கிளினிக்குக்குப் போன நாளுக்கு அரைப்பேர் போட்டுக் கூலியை வெட்டக் கூடாது. மருந்து முடியும் வரை வீட்டிலே உலை கொதிக்க வேண்டும். அந்தக் காம்பராவின் சுவரிலே ஒரு சாளரம் திறக்க வேண்டும்.

இவற்றைச் செய்யச் சித்தமானவர் வரட்டும். நம் மக்கள் நெஞ்சு நிறைய ஊதுவார்கள். செய்ய மனமில்லாதவர் கேட்பாராயின், இத்தனை காலம் மூச்சுக் காட்டாதிருந்தவர்கள் அன்றைக்கு வாய் திறக்க வேண்டும்.