மணிக்கட்டில் ஒரு சாட்சி

2021 நவம்பர் மாதம் ஜெனீவாவில், ஃபிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்துக்கு ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வந்தது. 1957-இல் வெளியான முதல் வரிசையைச் சேர்ந்தது என்றது ஏலப் பட்டியல். கறுப்பாக இருந்திருக்க வேண்டிய முகப்பு வெளுத்துப் பழுப்பேறியிருந்தது. வேறு எந்தப் பொருளிலும் இதைக் குறை என்று தள்ளிவிடுவார்கள். பழங்கடிகாரம் சேர்ப்பவர்களோ இந்தப் பழுப்புக்குத்தான் உயிரை விடுவார்கள். ஒரு லட்சம் ஸ்விஸ் ஃபிராங்கை ஒட்டிப் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 31 லட்சத்தைத் தாண்டிப் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக.

2023-இல் அதே ஒமேகா வெளியே வந்து, அது ஒட்டுப்போட்ட கடிகாரம் என்று அறிவித்தது. உள்ளே இருந்த பாகங்களில் பெரும்பாலானவை ஒமேகாவினுடையவைதான். ஆனால் அவை ஒரே கடிகாரத்தில் பிறந்தவை அல்ல. பல இடங்களிலிருந்து பொறுக்கிக் கோத்தவை. தன்னிடம் முன்பு வேலை பார்த்த மூன்று பேருக்கு இதில் பங்கு உண்டு என்றும் நிறுவனம் சொன்னது. ஏமாந்தது பிளாட்பாரக் கடையில் பேரம் பேசிய வெளியூர்க்காரர் அல்ல. கடிகாரத்தைப் பெற்ற வீடே ஏமாந்தது.

அசலைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் குறிப்புகளுக்கு எப்போதும் பஞ்சமில்லை. நொடிமுள் ‘டிக் டிக்’ என்று துள்ளினால் டூப்ளிகேட், வழுக்கிக்கொண்டு போனால் ஒரிஜினல் என்பது அவற்றுள் மூத்தது. ஆனால் ரோலெக்ஸே 1977 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்ற பேட்டரிக் கடிகாரத்தை விற்றிருக்கிறது. அதன் முள் நொடிக்கு ஒருமுறை துள்ளத்தான் செய்யும். வழுக்குவது போலத் தெரிவதும் துள்ளல்தான்: மணிக்கு 28,800 அதிர்வு, நொடிக்கு எட்டுச் சிறு துள்ளல். அந்த எட்டையும் இன்றைய போலிகள் துள்ளிக் காட்டுகின்றன. முதுகில் கண்ணாடி வைத்து உள்ளே ஓடுவதைக் காட்டினால் அது ரோலெக்ஸ் இல்லை என்று இன்னொரு விதி இருந்தது. 2023-இல் பிளாட்டினத்தில் செய்த டேடோனா மாதிரிக்கு ரோலெக்ஸே கண்ணாடி முதுகு வைத்து அந்த விதியையும் முடித்துவைத்தது. தேதியின் மேல் இருக்கும் குமிழ் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும், ஆறு மணிக் குறிக்கு அருகே கண்ணாடியில் லேசரால் பொறித்த பொடிக் கிரீடம் தெரிய வேண்டும் என்பவை மட்டமான நகல்களைக் காட்டிக்கொடுக்கும். ‘சூப்பர் க்ளோன்’ என்று விற்பவை வேறு சாதி. அவற்றில் உள்ளே ஓடும் இயந்திரத்தையே சக்கரத்துக்குச் சக்கரம் பார்த்துப் படியெடுத்திருப்பார்கள். முதுகைத் திறந்து, பழகிய கண் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒமேகா விஷயத்தில் பழகிய கண்களும் போதவில்லை.

பொன்னுக்கு உரைகல் இருக்கிறது. உரசினால் அதுவே பதில் சொல்லிவிடும். யாரிடம் வாங்கினீர்கள், ரசீது எங்கே என்ற பேச்சுக்கு இடமில்லை. உருக்கினாலும் அதன் விலை அதனோடேயே இருக்கும். எஃகுக் கடிகாரத்தை உருக்கினால் கொஞ்சம் எஃகுதான் மிஞ்சும். அதன் விலையில் பெரும்பகுதி அதற்கு வெளியே இருக்கிறது: வரிசை எண்ணில், உத்தரவாத அட்டையில், விற்றவரின் வாய்ச்சொல்லில். பால் நியூமன் என்ற ஹாலிவுட் நடிகர் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோனது. பார்த்து வண்டி ஓட்டும்படி அவருடைய மனைவி அதன் முதுகில் ஒரு வரி பொறித்துக் கொடுத்திருந்தார். அதே மாதிரிக் கடிகாரம் வேறொருவர் கையில் இருந்திருந்தால் அந்த விலையில் ஒரு துணுக்குக்குத்தான் போயிருக்கும். 2022 டிசம்பரில் ரோலெக்ஸ் தன் பழைய கடிகாரங்களுக்குத் தானே சான்றளித்து, அங்கீகரித்த கடைகள் வழியாக விற்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. சாட்சியத்துக்குத் தனி விலை உண்டு என்பது அந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தொழிலில் பொய்ச்சாட்சி நேற்று முளைத்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் கடிகாரங்களுக்குத்தான் மவுசு. ஐரோப்பாவின் பிற பட்டறைகளில் மலிவாகச் செய்த கடிகாரங்களின் மேல் லண்டன் கைவினைஞர்களின் பெயரை, சில சமயம் எழுத்துப் பிழையோடு, பொறித்து விற்றார்கள். வரலாற்றாசிரியர்கள் இவற்றை ‘டச்சுப் போலிகள்’ என்றாலும், ஜெனீவாப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் அதில் கை உண்டு. இன்று போலிகளைப் பறித்து அழிக்கும் நாட்டின் பாட்டன்கள் செய்த வேலை! பாரிஸில் புகழோடு இருந்த அப்ரஹாம்-லூயி பிரெகே தன் பெயரில் புற்றீசலாய்ப் புறப்பட்ட போலிகளைச் சமாளிக்க, 1795 வாக்கில் ஒரு வழி கண்டார். சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் ரகசியக் கையெழுத்தை முகப்பில் பொறித்தார். அதையும் பிறகு படியெடுத்தார்கள்.

சரி, போலி கட்டுவதில் என்ன தப்பு? நிறுவனத்துக்கு நஷ்டம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது வலுவான பதில் அல்ல. மூவாயிரம் ரூபாய்க்கு நகல் வாங்குபவர், அது கிடைக்காவிட்டால் பத்து லட்சம் கொடுத்து அசலை வாங்கிவிடப் போவதில்லை. ரோலெக்ஸுக்குச் சொந்தக்காரர் ஒரு தனி முதலாளியும் அல்ல. நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1945-இல் தன் பெயரில் ஏற்படுத்திய அறக்கட்டளை. அதன் பெட்டியில் சில காசு குறைவதை வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. சட்டமும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறியீட்டுச் சட்டம் விற்பவரைத் தண்டிக்கிறது, கட்டிக்கொள்பவரை விட்டுவிடுகிறது. ஸ்விட்சர்லாந்தில் 2008 முதல் பயணியின் கையில் இருக்கும் ஒற்றைப் போலியையும் சுங்கத்தார் பறித்து அழிக்கலாம். ஆக, சட்டத்தைக் கேட்டு இந்தக் கேள்விக்கு விடை பெற முடியாது.

விடை ரோலெக்ஸின் சொந்தக் கதையிலேயே கிடக்கிறது. 1927 அக்டோபர் 7 அன்று மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் சாதித்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர். சில நாளில் இன்னொரு பெண், தானும் நீந்தியதாகவும் இன்னும் விரைவாக வந்ததாகவும் அறிவித்தார். பிறகு அது பொய்யென்று அவரே ஒப்புக்கொண்டார். ஊரார் பார்வை அதன்பின் கிளைட்ஸ் மேல் திரும்பியது: இவர் மட்டும் நிஜமாக நீந்தியிருப்பார் என்பது என்ன நிச்சயம்? தான் சொன்னது உண்மை என்று காட்ட அவர் அக்டோபர் 21 அன்று, உறைய வைக்கும் நீரில், மறுபடியும் இறங்க வேண்டியதாயிற்று. பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். கரைக்குச் சில மைல் இருக்கையில் குளிர் தாங்காமல் துவண்டவரைப் படகில் ஏற்றினார்கள். அவர் கழுத்தில் ஒரு சின்ன ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் தொங்கியது, தண்ணீர் புகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் ரோலெக்ஸ் விளம்பரம். விளம்பரத்துக்கு ஆதாரமான நீச்சலில் அவர் கரை சேரவில்லை, கரை சேர்ந்த நீச்சலில் கடிகாரம் இல்லை என்பதை வாசகர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்!

பொய் சொன்னவர் கிளைட்ஸிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தும் மெய்யாக நீந்தியவர் இரண்டாம் முறை குளிரில் கிடந்து துடித்தார். போலி செய்யும் கேடு இதுதான். ஒருவர் பல ஆண்டு மிச்சம்பிடித்து, ஓய்வுபெறும் நாளில் தனக்கென்று ஒரு அசல் கடிகாரம் வாங்கிக் கட்டுகிறார். பார்க்கிறவர் கண்ணடித்துக் கேட்கும் முதல் கேள்வி, “ஃபர்ஸ்ட் காப்பியா?” அவசரத்துக்கு விற்கப் போனால் பெட்டி, அட்டை, ரசீது எல்லாம் எடுத்து வைத்து, தான் யோக்கியன் என்று அவர்தான் நிரூபித்தாக வேண்டும். அந்தச் செலவைக் கடிகார நிறுவனம் ஏற்பதில்லை.

கவரிங் நகையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிதம்பரம் கவரிங் கவரிங் என்றே விற்கப்படுகிறது, கவரிங் என்றே அணியப்படுகிறது. பண்டிகை நாளில் பளபளக்கும் அந்த வளையலில் யாருக்கும் துரோகமில்லை. அதே வளையலைப் பொன் என்று சொல்லி அடகுக் கடையில் நீட்டும்போது மோசடியாகிறது. வளையல் மாறவில்லை, அதன் மேல் ஏற்றிய சொல் மாறிவிட்டது. ரோலெக்ஸ் சப்மரீனரின் சாயலில், தங்கள் சொந்தப் பெயரைப் போட்டுக் கடிகாரம் விற்பவர்கள் உண்டு. அவை கவரிங் வகை. பார்வைக்கு ஆசைப்பட்டவர் தாராளமாக வாங்கலாம். பிறர் பெயரைப் பொறித்த நகலோ செய்யும்போதே பொய்யைச் சுமந்து பிறக்கிறது. “கேட்டால் டூப்ளிகேட் என்று சொல்லிவிடுவேன்” என்பவர் நேர்மையில் பாதி தூரம் வந்துவிட்டார். மீதிப் பாதிதான் சிக்கல். கேட்காதவர்களிடம் என்ன செய்வது? பெண் பார்க்கப் போன வீட்டில், கூட்டு வியாபாரம் பேசும் மேசையில், மணிக்கட்டைப் பார்த்துத் தமக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்பவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

போலி அணிவது மனதையே கெடுக்கும் என்று நிரூபிக்க முயன்ற ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்து பெரிதாகப் பேசப்பட்டது. எல்லோருக்கும் அசல் கருப்புக் கண்ணாடியைக் கொடுத்து, சிலரிடம் மட்டும் அது போலி என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வில் அதிகமாகப் பொய்க் கணக்குக் காட்டினார்களாம். அதை எழுதியவர்களில் ஒருவர் மேல், வேறு ஆய்வுகளில் தரவைத் திரித்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2025-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவருடைய நிரந்தரப் பதவியைப் பறித்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். அந்த ஆய்வை நம்பி இங்கே ஒரு வாதத்தைக் கட்டாமலிருப்பதே நல்லது.

அசல் கட்டியவரெல்லாம் அறவோர் என்றும் ஆகிவிடாது. லஞ்சமாக வந்த ரோலெக்ஸும் லென்ஸுக்கு அடியில் அசலாகத்தான் தெரியும். ஊர் பார்க்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பவரும், ஊர் நம்பட்டும் என்று நகல் கட்டுபவரும் ஒரே பசியில்தான் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காசு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. அந்தப் பசியை ஊட்டி வளர்த்ததில் விளம்பரங்களுக்கு உள்ள பங்கு கொஞ்சமல்ல. ஆனால் பசியைக் கிளப்பியவர் மேல் பழி போட்டுவிட்டுப் பொய் சொல்ல உரிமை எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் விலையுயர்ந்த அசலை வாங்கத் தகுமா என்று கேட்டால், நேரம் பார்க்க என்றால் தகாது. ஸ்விட்சர்லாந்தின் அதிகாரபூர்வச் சோதனை, இயந்திரக் கடிகாரம் நாளொன்றுக்கு நான்கு நொடி பிந்தவும் ஆறு நொடி முந்தவும் இடம் தருகிறது. ஆறு நொடி வீதம் மாதத்துக்கு மூன்று நிமிடம். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதம் முழுதுக்கும் கால் நிமிடத்துக்கு மேல் தவறாது. 1969 கிறிஸ்துமஸ் அன்று செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்தே இந்தப் போட்டி முடிந்துவிட்டது. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய ஒசூர் ஆலையின் டைட்டன், நேரம் பார்க்கவும் போதும், நேர்மைக்கும் போதும். முதலீடு என்பவர்கள் 2022-இன் உச்சத்துக்குப் பிறகு பழைய கடிகாரச் சந்தை இறங்கிய கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். மிஞ்சுவது ஒரே காரணம்: சுருள்வில்லும் பல்சக்கரமும் மட்டுமே கொண்டு, பேட்டரி இல்லாமல், கையசைவில் ஓடும் அந்தச் சின்ன இயந்திரத்தின் மேல் உள்ள ஆசை. முகப்பில் இருக்கும் பெயரை அழித்துவிட்டுக் கொடுத்தாலும் இதே ஆசையோடு கட்டிக்கொள்பவர், கடன் வாங்காமல் முடியுமானால், வாங்கட்டும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

பாடெக் ஃபிலிப் நிறுவனம் 1996 முதல் ஒரே தொனியில் விளம்பரம் செய்து வருகிறது: அடுத்த தலைமுறைக்காகவே இதைக் காத்து வைக்கிறீர்கள் என்று. போலிகளும் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கின்றன. அப்பாவின் கடிகாரம் என்று பீரோவில் பத்திரப்படுத்திய பிள்ளை, ஒரு மருத்துவச் செலவுக்கு அதை எடுத்துக்கொண்டு போய், கடைக்காரர் முதுகைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால், அது நகல் என்பதை வீட்டில் யாராவது ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.