விதையும் அமானிதமும்

தோட்டத்தில் காய்க்கும் கத்தரியில் தலைசிறந்த காயை என்ன செய்வது? சந்தைக்கு அனுப்பினால் அன்றே காசு. செடியிலேயே விட்டு மஞ்சளாகப் பழுக்க வைத்தால் அடுத்த போகத்துக்கு விதை. சிறு உழவர் ஒருவர் இரண்டாவதைத் தெரிந்தெடுக்கும்போது இன்றைய ஆதாயத்தை நாளைக்காகத் துறக்கிறார். அந்த விதை அவருடைய உடைமைதானா, அல்லது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமா என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினாவாகும்.

1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் பாயும் மேலூர் வட்டாரம் நெல்லுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் அங்குள்ள கல்லம்பட்டியின் பெயர் கத்தரியின் வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. 'மதுரை 1' என்னும் கத்தரி இரகம், கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து தனிவழித் தேர்வு முறையில் பிரித்தெடுக்கப்பட்டதே. ஆராய்ச்சியாளரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் கைக்கு அது வருமுன், நல்ல காயைக் கண்டு விதைக்கு விட்டு, பழத்தைப் பிசைந்து நீரில் அலசி, மிதந்ததைக் கழித்து, அடியில் தங்கியதை உலர்த்திச் சாம்பலோடு கலந்து காத்த கைகள் எத்தனை! ஊரின் பெயர் நின்றது. அந்தக் கைகளின் பெயர் எதுவும் நிற்கவில்லை.

இந்தக் கடனை நம் நாட்டுச் சட்டம் ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமையளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட இரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. புது இரகம் படைத்தவர் கூலி பெறுவது நீதியே. ஆனால் விளைந்ததை மறுபடி விதைக்கும் உரிமையையே ஒருவர் விலைபேசுவது நீதியன்று.

வீரிய ஒட்டு விதையின் விளைச்சலை விட்டுவிட்டுப் பழைய விதையைப் பிடித்துக்கொண்டிருப்பது அறிவுடைமையா என்று சிலர் கேட்கலாம். கூடுதல் விளைச்சல் வேண்டுவோர் அதை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் ஒட்டு விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தோடு ஒருபடித்தாக வருவதில்லை. எனவே ஆண்டுதோறும் கடைக்குச் செல்ல வேண்டும். ஊரில் ஒரு சிலரேனும் சொந்த விதையைக் காத்து வந்தால்தான் மற்றவர்க்குத் தெரிவு என்ற ஒன்று எஞ்சும்.

உரிமையைப் பேசியபின் கடமையைப் பேசாதிருத்தல் தகாது. அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் விதைக்கு முத்திரையுமில்லை, சான்றிதழுமில்லை. கொடுப்பவரின் நாணயமே சான்று. தானியக் குவியலினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டதும், குறையை மறைத்து விற்ற வணிகரைக் கண்டித்ததும் நாம் அறிந்த வரலாறே. அந்த ஈரத்தைக் கை அறிந்தது. விதையின் குறையையோ எந்தக் கையும் அறியாது. நாற்றங்காலில் ஒரு மாதம், நடவுக்குப்பின் ஏறத்தாழ இரண்டு மாதம் கழிந்து காய் தொங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். அதற்குள் வாங்கியவரின் ஒரு போகமே போய்விட்டிருக்கும்.

ஆதலால் நோய் கண்ட செடியில் விதை எடுத்துக் கொடுப்பதும், வேறு கத்தரி அருகில் பூத்துக் கலந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்லாது மறைப்பதும் வெறும் கவனக்குறைவு அல்ல, மோசடியாகும். 'அமானத்' என்ற சொல்லும் 'ஈமான்' என்ற சொல்லும் அரபியில் ஒரே வேரிற் பிறந்தவை. நம்பி ஒப்படைத்ததைப் பேணாதவரின் நம்பிக்கை எத்தகையது என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்ளலாம்.

விதை முன்னோரிடமிருந்து வந்தது. பின்னோருக்குப் போக வேண்டியது. இடையில் நிற்பவர் அதை உண்ணலாம், விற்கலாம், பகிரலாம். கெடுக்க மட்டும் அவருக்கு உரிமையில்லை. கொடுப்பவர் குறையைச் சொல்லிக் கொடுக்கட்டும்; பெறுபவர் வந்த வழியைச் சொல்லிப் பெறட்டும். இவ்விரண்டும் இருக்குமிடத்தில் கையளவு விதையும் ஓர் ஊரின் செல்வமாகும்.