கொடையா? கடனா?

நம் இல்லங்களில் முதியோர் சொல்லும் பொய்களுள் நெஞ்சை வருத்துவது ஒன்று உண்டு. "மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது, வாப்பா, அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்" என்று உம்மா தம் மகனிடம் சொல்லும் பொய்தான் அது.

நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்பவர் வீட்டில் இந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. நம் நாட்டில் பரவலாக விற்கும் குப்பி ஒன்றில் 10 மில்லி லிட்டர் மருந்து இருக்கும். மில்லி லிட்டருக்கு 40 வீதம் 400 யூனிட். நாளொன்றுக்கு 30 யூனிட் போடச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தால், அது 13 நாட்களில் தீர்ந்துவிட வேண்டும். மாதம் முடிந்தும் தீரவில்லை என்றால் அதற்குப் பெயர் சிக்கனமன்று. அந்தத் தாய் பாதி மருந்தைத் தமக்கும், மீதிப் பாதியின் விலையைப் பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் என்று பங்கு பிரித்துவிட்டார். குறைத்துப் போட்ட மருந்தின் கணக்கைக் கண்ணும் சிறுநீரகமும் காலும் பின்னர்க் கேட்கும்.

அவர் ஏன் மறைக்கிறார்? பிள்ளைகள் கல்நெஞ்சர் என்பதாலன்று. கேட்டால் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால், கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் இடிக்கிறது. நாம் கொடுப்பதைக் கொடையாக எண்ணிக் கொடுக்கிறோம். கொடையாக வருவதைப் பெறுகிறவர் கை எப்போதும் தாழ்ந்தே இருக்கும். நம்மைச் சுமந்த ஒருவர், தாம் நமக்குச் சுமையாகிவிட்டோம் என்று எண்ணிக் கூசுகிறார். அந்தக் கூச்சத்திற்கு அவர் செலுத்தும் விலையே அந்தப் பாதிக் குப்பி.

உண்மையில் இது கொடைதானா? நம் மார்க்கச் சட்டம் இதற்கு ஐயத்திற்கிடமின்றி விடை சொல்லியிருக்கிறது. ஒருவர் தம் ஜகாத்தை ஏழைகள் பலருக்கும் கொடுக்கலாம்; பெற்றோருக்குக் கொடுக்க முடியாது. பெற்றோருக்குச் சிறப்புக் குறைவு என்பது அதன் பொருளன்று. அவர்கள் வறியவர்களாகவும் பிள்ளைகள் வசதி உள்ளவர்களாகவும் இருந்தால், அவர்களைப் பராமரிப்பது ஏற்கனவே பிள்ளைகள் மீதுள்ள கடமை. தம் கடனைத் தாமே தர்மமாகக் கணக்கு எழுதிக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.

"உணவும் உடையும் உறைவிடமும் கடமை, சரி, மருந்துமா?" என்று சிலர் கேட்கக்கூடும். இன்சுலின் செய்யும் வேலையை எண்ணிப் பார்ப்போம். உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் அணுக்களுக்குள் அனுமதிக்கும் திறவுகோல் இன்சுலின். அது போதாதபோது, வயிறு நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கும். மருந்து தராமல் சோறு மட்டும் போட்டவர், 'உணவளித்தேன்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்த மருந்தைக் கண்டவர்களும் இதை ஓர் அமானிதமாகவே கருதினர் எனலாம். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் 1923-இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டனர். முன்பின் அறியாதவர்க்காக அவர்கள் விட்டுக்கொடுத்ததை, பெற்றவர்க்காக நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

வருமானம் குறைந்தவர் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. சக்திக்கு மீறிய சுமையை மார்க்கம் எவர் மீதும் ஏற்றவில்லை. ஆயினும் பணம் இல்லாதவரிடம் கால்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் நீரிழிவு மருந்துகள் விலையின்றித் தரப்படுகின்றன. அவற்றை வாங்கி அனுப்புவதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் ஒரு கழகம் நிறுவப்பட்டது. வீட்டிற்கே மருந்து கொண்டுவந்து தரும் திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. வணிகப் பெயரில்லாத மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்கும் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் வந்தன. 'விலை குறைந்த மருந்து பொருந்துமா?' என்று மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். நாமாக மாற்றுவதுதான் கூடாது. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பது குடும்பக் கௌரவத்திற்கு இழுக்கு என்பார் சிலர். உம்மாவின் கால் புண்ணாகிப் புரையோடுவதைவிடவா அது இழுக்கு? அயல்நாட்டில் பொருளீட்டும் மகன் பணம் அனுப்பட்டும். ஊரிலிருக்கும் மகன் வரிசையில் நிற்கட்டும். மகள் குப்பியைப் பார்த்துக் கணக்கு வைக்கட்டும். மூவரும் ஒரே கடனைத்தான் அடைக்கிறார்கள்.

பிள்ளையில்லாத பெரியம்மாவும் விதவையான மாமியும் வேறு நிலையில் இருக்கின்றனர். வறியவரான அவர்களுக்கு ஜகாத் கொடுக்கலாம். அது தர்மமும் ஆகும், உறவைப் பேணியதும் ஆகும். ஆனால், ரமலானில் ஒருநாள் கொடுத்துவிட்டு நிம்மதியடைகிறோம்; நோயோ பன்னிரண்டு மாதமும் உடனிருக்கிறது. முன்கூட்டியே மாதந்தோறும் கொடுத்து, ஆண்டு நிறைவில் கணக்கை நேர்செய்ய மார்க்கத்தில் இடமுண்டு. 'இது ஜகாத்' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. பெறுபவர் முகம் வாடாமல் கொடுக்க, சட்டமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

எனவே, முதியவர் கேட்டபோது கொடுத்தோமா என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுவதில்லை. அவரைக் கேட்க வைத்தோமா என்பதே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. இன்றிரவு குளிர்பெட்டியையோ, அது இல்லாத வீட்டில் ஈரமணலில் வைத்த மண்கலயத்தையோ திறந்து, அந்தக் குப்பியில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். இருக்க வேண்டியதைவிட மிகுதியாக இருந்தால், அது நம் தாய் நம்மிடம் கேட்க மறுத்த கடன்.