வடிவம் மாறினால் சாட்சியம் மாறுமா?

கணினியில் சேமிக்கப்படும் காணொளி என்பது எண்களின் வரிசையே ஆகும். அந்த எண்களைப் படமாக விரித்துக் காட்டும் விதிமுறை வழக்கொழிந்துபோனால், ஓர் எண்கூட அழியாமல் இருக்கும்போதே படம் பார்ப்பவருக்கு எட்டாததாகிவிடும். இவ்விதிமுறைக்குக் கோடெக் என்று பெயர். எம்பி4, ஏவிஐ, எம்கேவி எனக் கோப்பின் பெயரோடு ஒட்டி வருபவை, கோடெக்கால் சுருக்கப்பட்ட படத்தையும் ஒலியையும் ஒருங்கே அடைத்துவைக்கும் கொள்கலன்களைக் குறிக்கும். வீடியோ சிடிக்கு அடிப்படையான எம்பெக்-1, 1997-இல் வந்த ரியல்வீடியோ, ஃபிளாஷ் காணொளி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக விலக, 2003-இல் எச்.264, 2013-இல் எச்இவிசி, 2018-இல் ஏவி1 என்று புதியவை அவ்விடத்தைப் பிடித்துள்ளன. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. 2019-இல் வெளியான மேக்ஓஎஸ் கேட்டலினாவில் பழைய குவிக்டைம் கோடெக்குகள் பல இயங்காமற்போயின. எஃப்எஃப்எம்பெக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் பழைய வடிவங்களுள் பெரும்பாலானவற்றை இன்றும் படிக்கின்றன என்பதால் அச்சத்தை மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் கைப்பேசியிலும் உலாவியிலும் திறக்காத கோப்பு பெரும்பாலோருக்கு இல்லாத கோப்பே என்பதால், காப்பகங்கள் பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க நேர்கிறது. மாற்றிய பின் கையில் இருப்பது பழைய பதிவேதானா என்னும் வினா, மாறுபவற்றுள் மாறாதது உண்டா என்று இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட வினாவின் கிளையே ஆகும்.

வேதத்தின் நிலைபேற்றை நிறுவ முயன்ற மீமாம்சகர், சொல் என்றும் உள்ளது என்றும், வாய் எழுப்பும் ஒலி அதனை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை என்றும் கூறினர். நியாய மரபினரும் பௌத்தரும் இதை ஏற்கவில்லை. செய்யப்படுவது எதுவும் அழியும், ஒலி செய்யப்படுவது, ஆகவே அழியும் என்பது அவர்கள் வாதம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை விளக்கும்போது, ஒலி அநித்தியம் என்னும் இக்கூற்றே எடுத்துக்காட்டாக வருகிறது. கோப்பு மாற்றத்தில் மீமாம்சகர் பக்கம் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. 2021-இல் விவரக்குறிப்பு ஆவணமாக வெளியான எஃப்எஃப்வி1 போன்ற கோடெக்குகள் இழப்பில்லாச் சுருக்கம் செய்பவை. சுருக்கியதை மீண்டும் விரித்தால் ஒவ்வொரு படப்புள்ளியும் முன்பிருந்தபடியே கிடைக்கும், அதைச் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்ணால் படச்சட்டம் படச்சட்டமாக உறுதிசெய்யவும் முடியும். அங்கே கோப்பு வேறு, படம் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் மக்கள் கையாளும் காணொளிகளில் மிகப் பெரும்பாலானவை இழப்புள்ள சுருக்கத்தால் ஆனவை. எம்பெக்-1 ஒரு படச்சட்டத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய வேறுபாடுகளைக் கணக்கிட்டு, அவற்றுக்குரிய எண்களைத் தோராயமாக்கிவிடுகிறது. அந்தத் தோராயத்தில் போனது மீளாது. அப்படிச் சுருங்கிய படத்தை எச்.264-க்கு மாற்றும்போது, அது அசல் முகத்தை அன்றி, ஏற்கெனவே தேய்ந்த முகத்தையும் கட்டங்களின் விளிம்புகளையும் சேர்த்தே மீண்டும் தேய்க்கிறது. இதைவிடக் கண்ணுக்குத் தப்புவது காலத்தின் இழப்பு. பழைய அமெரிக்க ஒளிபரப்பு முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 அரைச்சட்டங்கள் பதிவாயின. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் தாங்கின. இன்றைய திரைக்கு ஏற்ப மாற்றும்போது பலர் ஓர் அரைச்சட்டத்தை விட்டுவிட்டு நொடிக்கு 30 சட்டங்களாக்குகின்றனர். பார்ப்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் இமை மூடித் திறந்த அசைவின் பாதிக் கணங்கள் அங்கே இல்லை.

இது எவ்வளவு பொருட்டு என்பது பதிவில் இருப்பது யார் என்பதைப் பொறுத்தது. யூத இனப்படுகொலையில் உயிர்தப்பியோரின் வாய்மொழிச் சாட்சியங்களைத் திரட்ட 1994-இல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் நிறுவிய ஷோவா அறக்கட்டளை, 50-க்கும் மேற்பட்ட நாடுகளில், 30-க்கும் மேற்பட்ட மொழிகளில், 50,000-க்கும் மேற்பட்டோரை பீட்டாகேம் எஸ்பி நாடாக்களில் பதிவுசெய்தது. காந்த நாடா காலப்போக்கில் சிதையும் என்பதால் அவை பின்னர் மோஷன் ஜேபெக் 2000 என்னும் எண்ம வடிவுக்கு மாற்றப்பட்டன. பேசியவர்களுள் பலர் இன்று உயிரோடு இல்லை. சொற்களை எழுத்தில் பெயர்த்து வைத்துவிடலாம். பெயர் ஒன்றைச் சொல்லும் முன் ஒருவர் நிறுத்திய இடைவெளியையும் அப்போது முகம் சென்ற திசையையும் படம் ஒன்றே காக்கிறது.

அவர்கள் அளித்த சாட்சியமும் இன்று திரையில் ஓடும் கோப்பும் ஒன்றா என்று கேட்பாருக்கு, பாலி மொழியில் அமைந்த மிலிந்தன் வினாக்கள் என்னும் பௌத்த நூலில் நாகசேனர் என்னும் துறவி காட்டும் மாங்கனி வழக்கு மற்றெந்த மரபின் விடையைக் காட்டிலும் தெளிவான விடை தருகிறது. பிறர் மரத்துக் கனியைத் திருடியவன், உரியவர் நட்ட மாங்காய் வேறு, தான் பறித்தது வேறு, ஆகவே குற்றமில்லை என்கிறான்; பின்னது முன்னதிலிருந்து தோன்றியதால் அவன் தப்ப முடியாது என்பது தீர்ப்பு. பொறுப்பு நிலைக்க, மாறாத பொருள் ஒன்று உள்ளே இருக்க வேண்டியதில்லை. காரணத் தொடர்ச்சி இருந்தால் போதும். வடிவம் மாறிய கோப்பைக் காட்டி, இது அசல் அன்று, எனவே சாட்சியம் அன்று என்று மறுக்க முனைபவரின் வாதமும் அந்தத் திருடனின் வாதமே. தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒவ்வொரு பொருளிலும் உடன் உள்ளன என்னும் சமணக் கோட்பாடு இங்கு இணக்கமாகத் தோன்றினும், நிலைபெறுவது எது என்ற வினாவை அது இவ்வழக்கில் தீர்க்காமல் இடம்மாற்றுகிறது.

எனினும் தொடர்ச்சி மட்டும் போதுமென்று விட்டுவிட இயலாது. வெட்டித் திருத்திப் பொய்யாக்கப்பட்ட பிரதியும் அதே பதிவிலிருந்துதான் தோன்றுகிறது. பௌத்தம் செயலை அதன் பின்னுள்ள எண்ணத்தைக் கொண்டு மதிப்பிடுவது இவ்விடத்தில் பயன்படுகிறது: எதைக் காக்கக் கருதி மாற்றினார், எதை அறிந்தே இழந்தார் என்பது மாற்றியவரின் செயலில் அடங்கும். பழைய கணினியையே மென்பொருளால் போலச் செய்து அதனுள் பழைய கோப்பை இயக்குவதே சிறந்த வழி என்று 1990-களில் கணினி ஆய்வாளர் ஜெஃப் ராதன்பெர்க் வாதிட்டார். அது இந்த இழப்பைத் தவிர்க்கும், ஆனால் போலச்செய்யும் மென்பொருளும் மூப்படையும் என்பதால் கடமையை ஒரு படி தள்ளிவைக்கிறதே அன்றி நீக்குவதில்லை.

இழப்பில்லாக் கோப்பு பலமடங்கு இடம் கேட்கும். ஊர் நூலகமோ சிறு சங்கமோ அதைத் தாங்காமல் இழப்புள்ள வடிவைத் தேர்ந்தால் அதில் குற்றமில்லை. எந்தக் கோடெக்கிலிருந்து எதற்கு, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பால், எந்த அமைப்புகளோடு, எந்த நாளில் மாற்றப்பட்டது, அரைச்சட்டங்கள் என்ன ஆயின, மூலத்தின் செக்சம் எது என்பவற்றை எவரும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்பில் எழுதிப் படத்துடன் வைப்பதும், இடம் உள்ளவரை பழைய கோப்பை அழிக்காதிருப்பதும், பேசி மறைந்தவருக்கு அந்த நூலகம் செலுத்த வேண்டிய கடன்.