தஸ்நேவிஸ் என்னும் பெயர்

தஸ்நேவிஸ் என்பது முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கர் தங்கள் பெண்மக்களுக்கு ஞானஸ்நானத்தில் சூட்டிவந்த பழைய பெயர்களுள் ஒன்று. தூத்துக்குடி நகரிலும் அதை ஒட்டிய மாப்பிள்ளையூரணி போன்ற ஊர்களிலும் பாட்டிமார் தலைமுறையில் வழங்கிய இந்தப் பெயரும், இதன் தமிழ் வடிவமான பனிமயம் என்பதும் தூத்துக்குடிப் பனிமய மாதாவையே குறிக்கின்றன. ஆண்கள் சிலருக்கும் இப்பெயர் உண்டு.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறையில் வாழும் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542 இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களோடு, மரியன்னையின் சிறப்புப் பெயர்களைப் பெண்குழந்தைக்குச் சூட்டும் ஐபீரிய வழக்கமும் இங்கே வேரூன்றியது. துயரங்களின் அன்னை பெயரால் தொலோரஸ் என்று அழைப்பது அவ்வழக்கமே. போர்த்துக்கல்லில் மரியா தஸ் நேவிஸ் என்றும் ஸ்பெயினில் நியேவெஸ் என்றும் பெண்கள் பெயர் பெற்றனர்.

பெயரின் மூலம் ரோமாபுரியில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் பாப்பரசர் காலத்தில், பிள்ளையில்லாத செல்வர் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் சொத்தை மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்கள். கடுங்கோடையான ஆகஸ்ட் 5 அன்று எஸ்குயிலின் குன்றில் பனி பெய்து, கோயில் எழவேண்டிய இடத்தைக் காட்டியது என்பது கதை. அங்கே நிற்கும் புனித மரியா பெருங்கோயிலை எழுப்பியவர் 432 முதல் 440 வரை ஆண்ட பாப்பரசர் மூன்றாம் சிக்ஸ்துஸ். மரியாளை இறைவனின் தாய் என்று 431 இல் எபேசு சங்கம் அறிக்கையிட்டதை அடுத்து எழுந்த கோயில் அது.

தூத்துக்குடியில் மாதாவின் சுரூபம் 1555 இல் கப்பலேறி வந்ததாகத் தல மரபு கூறுகிறது. 1582 இல் கோயில் எழுந்தது. இப்போதுள்ள கட்டடம் 1713 இல் அர்ச்சிக்கப்பட்டது. 1982 இல் இரண்டாம் யோவான் பவுல் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஜூலை 26 இல் கொடியேறி ஆகஸ்ட் 5 இல் திருவிழா நிறைவுறுகிறது.

இங்கே ஒரு சமயக் கேள்வி எழுகிறது. பனிப்பொழிவுக் கதைக்கு அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துச் சான்று எதுவும் இல்லை. சில நூற்றாண்டுகள் கழிந்த பிறகே அது எழுத்தில் வருகிறது. 1741 இல் பதினான்காம் பெனடிக்ட் அமைத்த குழு, கதையை வழிபாட்டு நூலிலிருந்து நீக்கலாம் என்றது. 1969 நாட்காட்டித் திருத்தத்தில் ஆகஸ்ட் 5 ஆம் நாள் புனித மரியா பெருங்கோயில் நேர்ந்தளிப்பு விழா ஆனது. கதை வரலாறாக நிலைபெறாதபோது, அதிலிருந்து பிறந்த பெயருக்கு என்ன பொருள் மிஞ்சும்?

விடையின் ஒரு பகுதி பெயரின் அமைப்பிலேயே உள்ளது. போர்த்துக்கீசிய மொழியில் 'தஸ் நேவிஸ்' என்றால் 'பனிகளின்' என்று பொருள். 'அன்னை' என்னும் சொல் உதிர்ந்து, அவளுக்கு உரிமை சொல்லும் அடைமொழி மட்டும் நிற்கிறது. ஆகவே இப்பெயர் சிறுமியைப் பனி என்று வருணிக்கவில்லை. அவள் யாருடைய அடைக்கலத்தில் வளர்கிறாள் என்று அறிவிக்கிறது. ஏழு கடல்துறைகளின் அடைக்கலத் தாய் என்று பரதவர் போற்றும் மாதாவிடம் பிள்ளையை ஒப்படைத்ததற்கு அதுவே சாட்சி. மறைநூலிலும் பனி பாவம் கழுவப்பட்ட நிலைக்கு உவமையாக வருகிறது. ஞானஸ்நானத்துக்குப் பொருந்திய கருத்து அது.

பெயரிடுதல் பற்றிய திருச்சபைச் சட்டமும் காலத்தோடு மாறியது. கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குக் குரு கவனிக்கவேண்டும், பெற்றோர் இசையாவிட்டால் புனிதர் பெயரொன்றைச் சேர்க்கவேண்டும் என்றது 1917 ஆம் ஆண்டுத் தொகுப்பு. 1983 ஆம் ஆண்டுத் தொகுப்போ கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது. இன்றைய பெற்றோர் புதுப்பெயர்களை நாடச் சட்டம் தடையில்லை.

ஆயினும் பழைய பெயர் பொருளிழக்கவில்லை. ரோமாபுரியில் பனி பெய்ததா என்பது வரலாற்று ஆய்வாளர் தீர்க்கவேண்டிய வழக்கு. தஸ்நேவிஸ் என்ற பெயரின் மெய்ம்மையோ அதை இட்ட பெற்றோரின் நேர்த்தியில் இருக்கிறது. நேர்ந்தவர் மனமறிந்து நேர்ந்ததால் அந்தப் பெயர் மெய்யான பெயரே.