உதவியா, உபத்திரவமா?

பெற்றோரே, உங்களிடம் ஒரு சிறிய கேள்வி. சிறியதுதான்; ஆனாலும் அதற்கு நீங்கள் தினந்தோறும், உங்களை அறியாமலே, பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு வயதுக் குழந்தை நமக்குச் செய்கிற உதவி உதவிதானா? அல்லது உபத்திரவமா?

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறீர்கள். குழந்தை ஓடி வந்து, "நானு, நானு" என்று மடியில் விழுகிறது. அதன் கை பட்ட மாத்திரத்தில் ஒரு கால்படி அரிசி தரையில் கிடக்கிறது. கீரை ஆய்ந்தால், தண்டைப் பத்திரமாய் வைத்துக்கொண்டு இலையை எறிகிறது. துணி மடித்தால், நீங்கள் மடித்ததை அவிழ்த்து மறுபடி "மடித்து" வைக்கிறது. ஐந்து நிமிஷ வேலை அரைமணி வேலையாகிறது. "உதவி செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே" என்ற வார்த்தை தானாக வாயில் வருகிறது. "போ, போய் விளையாடு" என்கிறோம். போகாவிட்டால் கைபேசியில் ஒரு பாட்டை வைத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். வீடு அமைதியாகிறது, வேலையும் முடிகிறது.

இதில் என்ன குற்றம்? குழந்தைக்கு அடியில்லை, பசியில்லை, அழுகையுமில்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் தோன்றும். ஆயினும் சற்று நின்று யோசிப்போம். அந்தக் குழந்தை எதற்காக நம்மிடம் வந்தது?

விளையாட்டுக்காக வந்தது என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை 2006-ம் ஆண்டு இரண்டு ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தொமசெல்லோ என்பவர்கள் பதினெட்டு மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்து ஒரு சோதனை செய்தனர். முன்பின் தெரியாத ஒருவர் கொடியில் துணி காயப் போடுகிறார். கிளிப் ஒன்று கீழே விழுகிறது. எட்டி எடுக்க முயன்றும் எட்டவில்லை. குழந்தையை அவர் கூப்பிடவுமில்லை, "நல்ல பிள்ளை" என்று கொஞ்சவுமில்லை. கை நிறையப் புத்தகங்களோடு வந்து அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நிற்பது போன்ற வேறு சில காட்சிகளும் உண்டு. அந்த 24 பேரில் 22 பேர் ஒரு தடவையாவது எழுந்துபோய் உதவினார்கள். சரியாகப் பேசவும் வராத வயது! யாரும் போதிக்கவில்லை, யாரும் கூலி தரவில்லை.

அப்படியானால் நம் மடியில் வந்து விழுந்த குழந்தை வெறுங்கையோடு வரவில்லை. கொடுப்பதற்கு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. பிறந்த நாள் முதல் பாலும் சோறும் துணியும் வாங்கிக்கொண்டே இருந்த ஒரு ஜீவன், முதன்முதலாகத் தானும் ஏதாவது தரவேண்டும் என்று கையை நீட்டுகிறது. "போய் விளையாடு" என்ற நம் சொல் அதன் காதில் எப்படி விழும்? "நீ வாங்குகிறவன், கொடுக்கிறவனல்ல, இந்த வீட்டின் வேலையில் உனக்குப் பங்கில்லை" என்றல்லவா? ஒரு நாள் சொன்னால் ஒன்றுமில்லை. இருநூறு நாள் சொன்னால் குழந்தை நம்பிவிடும். பிறகு அதே பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது, "ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டேன் என்கிறானே!" என்று அக்கம் பக்கத்தில் குறைப்படுகிறோம். எடுத்துப் போட வந்த காலத்தில் தடுத்தவர் யார்?

சுவிசேஷத்தில் ஒரு சிறுவன் உண்டு. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் நால்வருடைய சுவிசேஷங்களிலும் வருகின்றன. அவை ஒரு சிறுவனிடம் இருந்தவை என்பதை மட்டும் அர்ச். அருளப்பர் ஒருவரே எழுதி வைத்தார். அந்திரேயா என்று இக்காலத்தில் நாம் அழைக்கும் அர்ச். பெலவேந்திரர் அச்சிறுவனைச் சுட்டிக் காட்டி, இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று கேட்டார். கணக்குத் தெரிந்தவரின் கேள்வி அது. நம் சமையலறையில் நாம் கேட்பதும் அதுதான்: இந்தச் சின்னக் கையால் ஆகப்போவது என்ன? சேசுநாதரோ சிறுவனிடமிருந்ததைத் தள்ளிவிடவில்லை. கையில் வாங்கி நன்றி செலுத்தினார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொடுப்பது புண்ணியம் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கிக்கொள்வதும் ஒரு புண்ணியம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வாங்குவாரில்லாவிட்டால் கொடுப்பவன் என்ன செய்வான்?

"சரி, குழந்தைக்கு ஒரு விளையாட்டுச் சொப்பைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். சொப்பு விளையாட்டும் நல்லதே. ஆனால் அது வேறு, இது வேறு என்பது குழந்தைக்குத் தெரியும். மரிய மொந்தெசோரி அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலி தேசத்து வைத்தியர். 1907-ல் ரோமாபுரியின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1946 வரை நம் நாட்டில் தங்கினார், அதில் சில காலம் நம் கொடைக்கானலில். அவர் தம் பள்ளிகளில் குழந்தையின் கைக்கு அடங்கும் துடைப்பத்தையும், தண்ணீர் ஊற்றச் சிறு குடுவையையும் வைத்தார். அளவுதான் சிறியது, துடைப்பம் உண்மையில் பெருக்கும், குடுவையில் உண்மையாகவே தண்ணீர் இருக்கும். பொம்மையைவிட அந்த மெய்யான வேலையையே குழந்தைகள் நாடினார்கள் என்று அவர் கண்டார்.

நம் வீட்டிலும் மெய்யான வேலைக்குப் பஞ்சமா? பட்டாணி உரிக்கலாம். கழுவிய டம்ளர்களை வரிசையாய் வைக்கலாம். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை அதற்கென்று கொடுக்கலாம். எந்த நாட்டு வரைபடம் போல வந்தாலும் அதையும் கல்லில் போட்டுச் சுட்டு, இலையில் வைத்துச் சாப்பிடுங்கள். பிடி கொழுக்கட்டை இதற்கென்றே ஏற்பட்ட பலகாரம். பெரிய விரல் பதிந்தவற்றுக்கு நடுவே சின்ன விரல் பதிந்த கொழுக்கட்டை ஒன்று வெந்து வரட்டும். அடுப்பும் அரிவாள்மணையும் கொதிக்கும் எண்ணெயும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கைவேலையிலும் அப்படியே. தென்னங்கீற்றில் பாம்பும் பீப்பியும், பனையோலையில் காற்றாடியும், குருத்து ஞாயிறன்று ஓலைச் சிலுவையும் செய்யாத வீடு நம்மில் உண்டா? கிறிஸ்துமஸ் குடிலுக்குக் குழந்தை ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறது, கோணலாய் ஒட்டுகிறது. அது தூங்கிய பிறகு நாம் மெல்ல எடுத்து நேராக்கி ஒட்டுகிறோம். காலையில் எழுந்ததும் குழந்தை முதலில் பார்ப்பது அந்த நட்சத்திரத்தைத்தான். அது ஒன்றும் சொல்லாது, சொல்லத் தெரியாது. விருந்தாளி கண்ணுக்குக் குடில் அழகாயிருப்பது பெரிதா, குழந்தை கொடுத்தது கொடுத்த இடத்திலேயே இருப்பது பெரிதா? இது நீங்களே தீர்மானிக்க வேண்டியது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: உதவிக்கு மிட்டாயைக் கூலியாக்காதீர்கள். முன் சொன்ன இருவரே 2008-ல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், உதவியதற்காகப் பொருளைப் பரிசாகப் பெற்ற இருபது மாதக் குழந்தைகள் பின்னர் உதவ முன்வந்தது குறைந்தது. பரிசு பெறாதவர்களும் புகழ்ச்சி மட்டும் கேட்டவர்களும் அப்படிக் குறையவில்லை. அன்பாய் வந்ததை வியாபாரமாக்க வேண்டாம். மற்றொன்று: பெண்குழந்தை வந்தால் "பழகட்டும்" என்று சேர்த்துக்கொண்டு, ஆண்குழந்தை வந்தால் "உனக்கெதற்கு இந்த வேலை?" என்று விரட்டாதீர்கள். பதினெட்டு மாதத்தில் இருவர் கையும் ஒன்றுபோலத்தான் நீளுகின்றன. ஒரு கையை நாம்தான் மடக்குகிறோம்.

"எல்லாம் நல்ல வார்த்தை. ஆனால் காலை ஏழரை பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு இதற்கெல்லாம் நேரமேது?" என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. வீட்டு வேலையும் வெளி வேலையுமாய்க் களைத்தவளின் மேல் இன்னொரு கடமையைச் சுமத்துவது தர்மமன்று. ஆகவே ஒவ்வொரு வேளையும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. முடியாதபோது "இப்போது முடியாது கண்ணு, சாயங்காலம் சேர்ந்து செய்வோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி சாயங்காலம் செய்யுங்கள். பொறுமையும், வாக்குத் தவறாமையும் குழந்தைக்கு ஒரே பாடத்தில் வந்துவிடும். தகப்பன்மாரே, அந்தச் சாயங்காலம் உங்களுடையதாகவும் இருக்கலாம். கைபேசி விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே அளவு சொல்லிவிட்டது: இரண்டு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

குழந்தையோடு வெளியே போகும்போதும் இதே கேள்வி கூடவே வருகிறது. முக்கொம்புக்குப் போனாலும், மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனாலும், நாம் காட்ட நினைப்பது ஒன்று, குழந்தை காண்பது ஒன்று. நம் திருவெள்ளறையையே எடுத்துக்கொள்ளுங்கள். துறையூர்ச் சாலையில் வரும் உறவினரையெல்லாம் நாலு மூலைக் கேணிக்கு அழைத்துப் போகிறோம். ஸ்வஸ்திக வடிவில் நான்கு திசையிலும் படி இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு திருப்பம் திரும்பி நடுக் கிணற்றைச் சேரும் அதிசயத்தை விளக்குகிறோம். ஒரு படித்துறையில் குளிப்பவர் மற்றொரு படித்துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார் என்கிறோம். குழந்தையோ படியின் ஓரத்து எறும்பு வரிசையைக் காட்டி, "அங்க, அங்க" என்கிறது. தூரத்து வெள்ளாட்டைக் காட்டுகிறது. "இதைப் பாரு" என்று நாம் அதன் முகத்தைக் கிணற்றின் பக்கம் திருப்புகிறோம்.

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரலால் சுட்டிக் காட்டத் தொடங்குகிறது. வேண்டியதைக் கேட்க மட்டுமல்ல. தான் கண்ட சந்தோஷத்தை நமக்கும் கொடுக்கவே பலமுறை காட்டுகிறது. இதுவும் ஒரு கொடைதான். படியருகே அதன் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்தபடியே குனிந்து அந்த எறும்பை ஒரு நிமிஷம் பாருங்கள். கிணறு எங்கும் போய்விடாது. ஆயிரத்து இருநூறு வருஷமாக அங்கேயே இருக்கிறது.

அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் கி.பி. 800-ல், ஆலம்பாக்கத்து விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன் அதை வெட்டுவித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். கல்வெட்டோடு ஒரு பாட்டும் உண்டு. உலக வாழ்வு நிலையில்லாதது. மூப்பு வந்து தளரச் செய்யுமுன், உள்ளதில் உண்டு, மிஞ்சியதை உலகத்துக்கு வையுங்கள் என்பது அதன் கருத்து.

மூப்பு என்ற அந்தச் சொல்லில்தான் நம் கேள்வியின் முழுக் கனமும் இருக்கிறது. உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு தாத்தாவோ அப்பாயியோ இருப்பார்கள். கை நடுங்கும், கண் மங்கும். அவர்களும் சில சமயம் எழுந்து வந்து, "அந்தப் பூண்டைக் கொடு, நான் உரித்துத் தருகிறேன்" என்பார்கள். தோலும் பல்லுமாய்க் கலந்து வைப்பார்கள். நாம் என்ன சொல்கிறோம்? "நீங்கள் சும்மா உட்காருங்கள்." மரியாதையாகத்தான் சொல்கிறோம். ஆனால் குழந்தைக்குச் சொன்ன அதே வார்த்தை அது.

மனிதனை அவன் வேலையின் பலனைக் கொண்டு மட்டும் அளந்தால், இரண்டு வயதுக்காரருக்கும் எண்பது வயதுக்காரருக்கும் வீட்டில் இடமில்லை. நடுவிலுள்ள சில வருஷங்களுக்கு மட்டுமே மதிப்பு என்றாகும். அந்த அளவுகோலை நாம் குழந்தையின் கையில் இன்று கொடுத்தால், நமக்குக் கை நடுங்கும் காலத்தில் அது அதே அளவுகோலால் நம்மை அளக்கும். அதைக் குறை சொல்ல நமக்கு வாயிருக்காது. மாறாக, பயனில்லாத உதவியையும் முகமலர்ந்து வாங்கிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, மனிதர் மதிப்பு வேலையில் இல்லை என்று தனியே பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

உதவியா, உபத்திரவமா என்ற கேள்விக்கு இப்போது என்ன பதில் சொல்வோம்? வேலையைப் பார்த்தால் உபத்திரவம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. கொடுக்க வந்த ஆளைப் பார்த்தால் உதவி. இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதில் ஒரு கிண்ணம் பட்டாணியை நடுவில் வைத்து, குழந்தையை ஒரு பக்கமும் அப்பாயியை மறுபக்கமும் உட்கார வையுங்கள். பாதி பட்டாணி கட்டிலுக்கடியில் உருண்டோடும். குனிந்து பொறுக்க நீங்கள் இருக்கிறீர்கள். குழம்பு சற்று நேரம் கழித்துக் கொதிக்கட்டும்.